அந்த ஐகான்களுக்கு ஓர் ஊர் உண்டு

உக்ரைனுக்கு வெளியே உக்ரைனிய நாட்டார் ஐகான்களை வைத்திருக்கும், விற்கும், வாங்கும் எல்லோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகக் காப்பாளர்களே, ஏல நிறுவனத்தாரே, தனிச் சேகரிப்பாளர்களே,

வணக்கம். உங்களிடம் இருக்கும் நாட்டார் ஐகான்களின், அதாவது பெரும்பாலும் மரப்பலகையில் தீட்டி வீட்டில் வைத்து வணங்கிய கிறிஸ்தவப் புனிதர் படங்களின், பெயரட்டையை மறுபடி எழுதச் சொல்லிக் கேட்கவே இந்த மடல். ‘ரஷ்ய ஐகான், 19ஆம் நூற்றாண்டு’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்ட பலகைகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். பூக்கள் சூழ நிற்கும் புனித நிக்கோலஸ், சிவப்புப் பின்னணியில் குதிரை மேல் வரும் புனித ஜார்ஜ், பெரிய கண்களோடு நம்மைப் பார்க்கும் கன்னி மரியாள் என்று இணைய ஏலப் பட்டியல்களில் இவை ஓயாமல் கண்ணில் படுகின்றன. அகல உயரம் எழுதியிருக்கிறது, விலை எழுதியிருக்கிறது. எந்த ஊரின் எந்த வீட்டில் யார் கும்பிட்ட படம் என்பது மட்டும் இல்லை.

இதைக் கேட்க நான் யார் என்று தோன்றலாம். நான் தமிழில் எழுதுகிறவன், நாட்டார் கலைகளைத் தொடர்ந்து படிக்கிறவன். சங்க காலத்து உமணர்கள் உப்பு வண்டிகளைக் கூட்டமாக ஓட்டிப் போனதைப் பள்ளியிலேயே படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, உக்ரைனின் உப்பு வணிகர்களான சுமாக்குகளைப் பற்றி முதலில் படித்தபோதே அவர்கள் மீது எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. அவர்களைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் அவர்கள் வீட்டு ஐகான்களுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வழியிலேயே உங்களையும் அழைத்துப் போகிறேன். பெயரட்டையில் எது விடுபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

சுமாக்குகள் எருது வண்டி வணிகர்கள். கிரிமியாவின் பெரெகோப் பக்கத்து உப்பு ஏரிகளிலிருந்து உப்பும், தோன் ஆற்றுப் பக்கமிருந்து உலர்ந்த மீனும் ஏற்றிவந்து உக்ரைனின் ஊர்ச் சந்தைகளில் விற்றார்கள். பிற்காலத்தில் கோதுமையை ஒதேசா துறைமுகத்துக்குக் கொண்டுபோனதும் இவர்கள்தான். அவர்களுடைய வண்டிக்கு மாஜா என்று பெயர். ஒரு ஜோடி எருது இழுக்கும் அந்த வண்டி ஏறக்குறைய ஒரு டன் பாரம் தாங்கும். தனி வண்டியாக யாரும் புறப்படுவதில்லை. பல பத்து வண்டிகள் சேர்ந்த சாத்தாகத்தான் கிளம்பும். சாத்துக்கு ஒரு தலைவனைத் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். எங்கே இறங்குவது, எந்தத் துறையில் ஆற்றைக் கடப்பது, ராத்திரி யார் காவல் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. முன்வண்டியில் ஒரு சேவல் இருக்கும், விடியலைச் சொல்ல. கொள்ளைநோய்க்குப் பயந்து சட்டையைத் தாரில் தோய்த்து உடுத்திக்கொள்வார்கள். 1783இல் ரஷ்யப் பேரரசு கிரிமியாவைச் சேர்த்துக்கொள்ளும் வரை இந்தப் பயணம் இன்னொரு அரசின் எல்லைக்குள் போவதாகவே இருந்தது. கான்கள் என்ற தாத்தாரிய மன்னர்களின் ஆட்சியில் இருந்த தீபகற்பத்துக்குள் சுங்கம் கட்டித்தான் நுழைந்தார்கள்.

புல்வெளியில் வாரக்கணக்கில் நடை. கொள்ளைக்காரர் பயம், நோய் பயம், எருது விழுந்துவிட்டால் போட்ட முதலே போய்விடும் என்ற பயம். வழியில் இறந்தவனைக் கூட வந்தவர்களே பாதையோரம் புதைத்து மண்மேடு எழுப்பிச் சிலுவை நட்டுவிட்டுப் போவார்கள். அவனுடைய எருதுகள் அவனில்லாமல் ஊர் திரும்பும். சுமாக் பாடல்களில் பாதிக்குமேல் இந்தச் சாவுதான் வருகிறதோ என்று படிக்கும்போது எனக்குத் தோன்றியது. இப்படி வாழ்ந்தவர்களுக்குப் பக்தி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிற விஷயமாக இருந்திருக்க முடியாது. வசந்தத்தில் கிளம்பும் முன் பாதிரியாரை வரவழைத்து வழிபாடு நடத்தி, வண்டிக்கும் எருதுக்கும் புனித நீர் தெளிப்பார்கள். பயணிகளையும் வணிகர்களையும் காக்கும் புனித நிக்கோலஸ், அவர்கள் மொழியில் மிக்கோலா, சுமாக்குகளின் காவல் புனிதர். அவருக்கு ஆண்டில் இரண்டு திருநாள். மே மாதத்தில் வருகிற திருநாள் வண்டிகள் சாலையில் இருக்கும் காலம். டிசம்பரில் வருகிற திருநாளுக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அக்டோபரில் கன்னி மரியாளின் பாதுகாப்புத் திருநாளான பொக்ரோவாவை ஒட்டிச் சாத்துகள் ஊர் திரும்பிவிடும். இந்த மிக்கோலாவும் இந்த மரியாளும் நாட்டார் ஐகான்களில் ஏன் இத்தனை முறை வருகிறார்கள் என்பதற்கு ஓவிய வரலாற்று நூல்களை மட்டும் புரட்டினால் போதாது. சாலையின் காலண்டரையும் பார்க்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் போவோம். உக்ரைனியக் கிராம வீட்டில் அடுப்புக்கு எதிர் மூலை புனிதமான இடம். அதைப் போக்குத்தியா என்பார்கள். ஐகான்கள் அங்கேதான் வரிசையாக இருக்கும். மேலே பூவேலை செய்த நீளத் துணி, ருஷ்னிக், தோரணமாகத் தொங்கும். முன்னால் விளக்கு. திருமணத்தில் பெற்றோர் கிறிஸ்துவும் கன்னி மரியாளுமாக இரண்டு ஐகான்களைக் கையில் ஏந்தி மணமக்களை ஆசீர்வதிப்பார்கள், அந்த ஜோடி புது வீட்டின் மூலைக்குப் போகும். நீங்கள் ஒற்றையாக விற்கிற பல பலகைகள் இப்படி ஜோடியாக வாழ்ந்தவை. ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. மற்றது எங்கே என்று யாராவது கேட்டார்களா?

அறையின் குறுக்கே ஓடும் உத்தரத்தில் சிலுவையைச் செதுக்கி, கடவுளின் அடியார் இன்னார் இந்த ஆண்டில் இந்த வீட்டைக் கட்டினார் என்று பொறிப்பது வழக்கம். பெரிய வியாழன் இரவு ஆலயத்திலிருந்து மெழுகுத் திரியை அணையாமல் வீடு வரை கொண்டுவந்து, அதன் புகையால் உத்தரத்திலோ நிலைப்படியிலோ சிலுவை போடுவார்கள். ஈஸ்டர் கூடையில் ரொட்டி, முட்டையோடு உப்பும் வைத்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். அந்த உப்பைக் கிரிமியாவிலிருந்து யார் சுமந்துவந்தார்கள் என்று இப்போது தெரியும்தானே. சுமாக்கின் நுகத்தடியைப் பார்த்தால் அதிலும் கைவேலை இருக்கும். வட்டமலர்கள், சூரியச் சின்னங்கள், சிலுவைகள். நுகத்தடி, உத்தரம், துணி, ஐகான், எல்லாம் ஒரே வீட்டுப் பொருள்கள். ஒரே நம்பிக்கைதான் அவற்றில் வேறு வேறு கைகளால் செதுக்கப்பட்டது, தைக்கப்பட்டது, தீட்டப்பட்டது. அருங்காட்சியகங்களோ நுகத்தடியை வேளாண்மைப் பிரிவிலும், துணியை நெசவுப் பிரிவிலும், ஐகானைச் சமயக் கலைப் பிரிவிலும் வைத்துவிட்டன. மூன்றுக்கும் மூன்று பதிவேடு. ஒன்றுக்கொன்று தொடர்பு எழுதப்படவே இல்லை.

ஐகான்களைத் தீட்டியவர்களில் மடத்துப் பட்டறைகளில் பயின்றவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் போகோமாஸ் என்று அழைக்கப்பட்ட கிராமத்து ஓவியர்கள். லிண்டன், பைன், ஆல்டர் என்று கிடைத்த மரத்தில் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டினார்கள், சந்தைக்குச் சந்தை கொண்டுபோய் விற்றார்கள். சுமாக்கின் உப்பும் போகோமாஸின் புனிதர்களும் ஒரே சந்தைத் திடலில்தான் கைமாறின. ரோம்னி ஊரில் நடந்துவந்து 1852இல் பொல்தாவாவுக்கு மாற்றப்பட்ட இலின்ஸ்கா சந்தை அந்தக் காலத்தில் மிகப் பெரியது. எந்த வட்டாரப் படம் என்பது கண்ணுக்குத் தெரியும், பார்க்கப் பழகினால். செர்னிஹிவ் பக்கத்துப் படங்களில் இருண்ட பின்னணியில் பூக்கள் எரிகிற மாதிரி நிற்கும். பொதில்யாவில் நிறங்கள் பளிச்சென்று இருக்கும். கிழக்கே ஸ்லோபோஷான்ஷினாவில் பளபளக்கும் உலோகத் தகடும் காகிதப் பூவும் வைத்துச் சட்டமிட்டவை உண்டு. 1739இல் வெளிப்பட்டதாக நம்பப்படும் ஒக்தீர்க்கா ஊர் மரியாளின் படத்தைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்ததும் அந்தப் பக்கம்தான். மேற்கே கார்பாத்திய மலையடிவாரத்தில் கண்ணாடியின் பின்புறத்தில், நுணுக்கக் கோடுகள் முதலிலும் பின்னணி கடைசியிலுமாக வரிசையை மாற்றித் தீட்டினார்கள். கிறிஸ்துவின் விலாவிலிருந்து திராட்சைக் கொடி முளைக்க, அவரே அந்தக் குலையைக் கிண்ணத்தில் பிழியும் படம் உக்ரைனில் மிகவும் விரும்பப்பட்ட ஒன்று. அதை முதன்முதலில் பார்த்தபோது நீண்ட நேரம் அடுத்த படத்துக்குப் போகவே முடியவில்லை.

சரி, நீங்கள் ஒரு பதில் சொல்லலாம். உக்ரைனிய வீட்டில் இருந்த எல்லா ஐகானும் உக்ரைனில் தீட்டியதில்லையே என்பீர்கள். உண்மைதான். ரஷ்யாவின் விளாதிமிர் மாகாணத்தின் பாலெக், கோலுய், ம்ஸ்த்யோரா கிராமங்களில் ஏராளமாகத் தயாரித்த ஐகான்களை ஒஃபேனி என்ற நடைவியாபாரிகள் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். அவை உக்ரைனுக்கும் வந்தன. இன்று ரஷ்யாவின் பெல்கொரோத் வட்டாரத்தில் இருக்கும் போரிசோவ்கா, உக்ரைனியக் குடிகள் நிறைந்திருந்த ஐகான் ஊர். அங்கே தீட்டியதை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று வரைபடத்தைக் காட்டி முடிவு செய்துவிட முடியாது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தகரத்திலும் காகிதத்திலும் அச்சிட்ட மலிவுப் படங்கள் வந்து கைவேலைக்காரர்களின் பிழைப்பையே கெடுத்தன. இந்தச் சிக்கல் எல்லாம் இருப்பதால்தான் கேட்கிறேன், ‘ரஷ்ய’ என்ற ஒரு சொல் இத்தனையையும் எப்படித் தாங்கும்? பாலெக்கில் தீட்டிப் பொல்தாவாவில் வணங்கியது என்றால் இரண்டையும் எழுதுங்கள். செர்னிஹிவ் கிராமத்தில் தீட்டி அங்கேயே வணங்கியது என்றால் அதை எழுதுங்கள். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதலாம். அது நேர்மையான அட்டை. தெரியாத இடத்தில் பேரரசின் பெயரை நிரப்பிவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். சுமாக்குகளின் உலகம் 1860களிலும் 70களிலும் ரயில்பாதை வந்ததோடு முடிந்தது. அதற்குச் சற்று முன் நடந்த கிரிமியப் போரில் படைக்கு உணவும் தளவாடமும் சுமந்து எத்தனையோ பேர் எருதையும் வண்டியையும் இழந்திருந்தார்கள். அந்தத் தொழில் கண்ணெதிரே மறைவதைப் பார்த்த இவான் ருத்சென்கோ அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து 1874இல் கீவில் வெளியிட்டார். பாடல்களாவது அப்படித் தப்பின. வீட்டு ஐகான்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சோவியத் காலத்து மத எதிர்ப்பில் எரிந்தவை போக மீதியைப் பாட்டிமார் பரணிலும் பெட்டியிலும் ஒளித்து வைத்தார்கள். பிறகு வியாபாரிகள் கிராமம் கிராமமாகப் போய் அவற்றை வாங்கிச் சேர்த்தார்கள். வாங்கிய வீட்டின் பெயரைச் சொல்வது அந்த வியாபாரத்துக்கு ஒத்துவராது. ஐகானுக்கும் அதன் ஊருக்கும் இருந்த தொடர்பு அறுந்தது அங்கேதான்.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்று காட்டியவரும் உண்டு. இவான் ஹொன்சார் என்ற சிற்பி கீவில் தன் வீட்டையே நாட்டார் கலைக்கூடமாக்கினார். அவர் ஊர் ஊராகப் போனபோது பொருளை மட்டும் கொண்டுவரவில்லை. மனிதர்களின் பழைய புகைப்படங்களையும் சேர்த்து, ஊர்வாரியாக ஆல்பங்கள் செய்தார். அதிகாரிகளின் நெருக்கடி இருந்தும் விடவில்லை. 1993இல் அவர் காலமானார். அதே ஆண்டு அவர் சேகரிப்பு அரசு அருங்காட்சியகமானது. கணினி இல்லாத காலத்தில், அரசின் ஆதரவும் இல்லாமல், ஒரு தனிமனிதர் செய்த வேலை அது. உங்களிடம் ஊழியர்கள் இருக்கிறார்கள், புகைப்படக் கருவி இருக்கிறது, பதிவு மென்பொருள் இருக்கிறது.

ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கிய 2022 பிப்ரவரிக்குப் பிறகு நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். கெர்சோன் நகரம் சுமாக்குகள் பெரெகோப்புக்குப் போன வட்டாரத்தில் இருக்கிறது. அங்குள்ள கலை அருங்காட்சியகத்திலிருந்து ரஷ்யப் படைகள் பின்வாங்கும் முன், 2022 அக்டோபர் கடைசி முதல் நவம்பர் முதல் வாரம் வரை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் லாரிகளில் ஏற்றப்பட்டன என்று அருங்காட்சியகம் கணக்கிடுகிறது. அந்தச் சேகரிப்பில் ஐகான்களும் இருந்தன. அவை ரஷ்யாவின் பிடியில் உள்ள கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் இறக்கப்பட்டது புகைப்படங்களில் தெரிந்தது. ஒவ்வொரு படத்தையும் அருங்காட்சியகத்தார் பதிவேட்டோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டுவருகிறார்கள். பதிவேடு இருந்ததால் இது முடிகிறது. காலி செய்துவிட்டு ஓடிய கிராமத்து வீட்டின் மூலையிலிருந்து ஒரு மிக்கோலா காணாமல் போனால் எந்தப் பதிவேட்டோடு ஒப்பிடுவது?

நீப்பர் ஆற்றின் இடது கரையில் ஒலெஷ்கி என்ற சின்ன நகரம். அங்கே பொலினா ரைக்கோ என்ற பெண்மணி அறுபத்தொன்பது வயதில், கணவரையும் மகளையும் இழந்த துக்கத்தில், யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் தன் வீட்டுச் சுவரெல்லாம் தேவதைகளையும் பறவைகளையும் புனித உருவங்களையும் தீட்டத் தொடங்கினார். 2004இல் இறக்கும் வரை தீட்டினார். 2023 ஜூன் 6இல் கஹோவ்கா அணை உடைக்கப்பட்டபோது அந்த வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. சுவரில் தீட்டியதை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பலகையில் தீட்டியதைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதனால்தான் அது உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது.

உலக அருங்காட்சியக அமைப்பான ஐகாம், 2022 நவம்பரில் ஆபத்திலுள்ள உக்ரைனியப் பண்பாட்டுப் பொருள்களின் அவசரச் சிவப்புப் பட்டியலை வெளியிட்டது. களவாடிக் கடத்தப்படக்கூடிய பொருள் வகைகளைப் படங்களோடு காட்டும் பட்டியல் அது. ஐகான்களும் நாட்டார் கலைப் பொருள்களும் அதில் இடம்பெறுகின்றன. இந்தப் பட்டியல் ஏலக்கூடத்தின் வரவேற்பு மேசையில் இருக்க வேண்டிய ஒன்று.

பெயரட்டையை மாற்றுவது பெரிய காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். லண்டன் நேஷனல் கேலரி 2022இல் பிரெஞ்சு ஓவியர் தேகாவின் ‘ரஷ்ய நடனப் பெண்கள்’ படத்தை ‘உக்ரைனிய நடனப் பெண்கள்’ என்று மாற்றி எழுதியது. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2023இல் 19ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆர்க்கிப் குயின்ஜியை உக்ரைனியர் என்று குறித்தது. மரியுபோலில் பிறந்த அதே குயின்ஜிதான் 1875இல் அந்த ஊரின் சுமாக் பாதையை, சேற்றில் புதைந்து நகரும் வண்டிகளோடும் எருதுகளோடும் தீட்டியவர். மரியுபோலில் அவர் பெயரால் இருந்த அருங்காட்சியகம் 2022 மார்ச்சில் குண்டுவீச்சில் சிதைந்தது. பெயர் தெரிந்த ஓவியர்களுக்குச் செய்ததைப் பெயர் தெரியாத போகோமாஸுக்கும் செய்யலாம். அவருக்காகப் பேச வாரிசு யாரும் வரப்போவதில்லை, அதனால்தான் நான் கேட்கிறேன்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்றால், பலகையைத் திருப்புங்கள். ஐகானின் பின்புறத்தைப் படம் எடுத்து இணையத்தில் போடுங்கள். பலகை வளையாதிருக்க அடித்த குறுக்குச் சட்டம், வாய்ச்சியால் செதுக்கினதா ரம்பத்தால் அறுத்ததா என்பது, புழு அரித்த தடம், சில சமயம் பென்சிலில் எழுதிய ஓர் ஆண்டு அல்லது பெயர், இவையெல்லாம் முன்புறத்தில் கிடைக்காது. உக்ரைனிய ஆய்வாளர்கள் அதைப் பார்த்து வட்டாரம் சொல்வார்கள். அவர்கள் உங்களுக்கு எழுத ஒரு முகவரியை நீங்கள் திறந்து வைத்தால் போதும். படத்தில் படிந்திருக்கும் புகையையும், திருநாளுக்குத் திருநாள் துடைத்துத் துடைத்துத் தேய்ந்த விளிம்பையும் பழுது என்று எழுதாமல் வழிபாட்டுத் தடம் என்று எழுதுங்கள். சுத்தம் செய்யும் முன் அந்த நிலையைப் பதிவு செய்யுங்கள். வாங்கியது எந்த ஆண்டு, யாரிடம் என்பது உங்கள் கோப்பில் இருந்தால் அதை வெளியிடுங்கள். விற்க வருபவர் ஊர் பெயரைச் சொல்ல மறுத்தால், போர் முடியும் வரையாவது அந்தப் பொருளைத் தொடாதீர்கள். ஊர்ப் பெயர்களை உக்ரைனிய உச்சரிப்பிலேயே எழுதுங்கள்.

காட்சிக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. உங்கள் கிடங்கில் செதுக்கிய நுகத்தடி இருந்தால் அதைக் கொண்டுவந்து மிக்கோலாவின் பக்கத்தில் வையுங்கள். ருஷ்னிக்கை மேலே தொங்கவிடுங்கள். குழந்தையோடு வருகிற பார்வையாளர் இது எதற்கு என்று கேட்பார். உப்புக்காகப் போனவன் திரும்பி வர வேண்டும் என்று இந்தப் படத்தின் முன் நின்று வேண்டினார்கள் என்று உங்கள் வழிகாட்டி சொல்லட்டும்.

அடுத்த ஏலப் பட்டியல் அச்சுக்குப் போவதற்கு முன், அடுத்த கண்காட்சிக்கு அட்டை அடிப்பதற்கு முன், இதைச் செய்யத் தொடங்குவீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பட்டியல்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஊர் பெயரோடு ஒரு மிக்கோலா வந்தால் உடனே தமிழில் எழுதி எங்கள் வாசகர்களுக்குச் சொல்வேன்.

மரியாதையுடனும் எதிர்பார்ப்புடனும்,
நாட்டார் கலைகளை நேசிக்கும் ஒரு தமிழ் எழுத்தாளன்